நம்பர் ஒன் டோல்கேட்

நம்பர் ஒன் டோல்கேட்டில் டோல்கேட் கிடையாது. வெளியூரிலிருந்து வரும் உறவினர்கள் ஒருவர் விடாமல் இதைக் கேட்டிருக்கிறார்கள். கொள்ளிடம் பாலம் தாண்டி பஸ் நிற்கிறது, கண்டக்டர் "டோல்கேட், டோல்கேட்" என்று கத்துகிறார், இறங்கிப் பார்த்தால் டீக்கடை, பூக்கடை, லால்குடி போகிற சாலை, முசிறி போகிற சாலை. குறுக்கே கட்டை போட்டுக் காசு வாங்குகிற ஆள் மட்டும் இல்லை.

ஒரு காலத்தில் இருந்தார். வெள்ளைக்காரன் ஆட்சியில் ஜில்லா போர்டுகளும் முனிசிபாலிட்டிகளும் சாலையில் போகும் வண்டிகளுக்குச் சுங்கம் வாங்கின. வாங்கின என்பதைவிட, வாங்கும் உரிமையை ஏலம் விட்டன என்பது சரி. ஏலம் எடுத்தவர் போர்டுக்கு ஒரு தொகையைக் கட்டிவிடுவார். அதன்பின் மாட்டு வண்டிக்காரனிடம் வசூலிப்பது அவர் சாமர்த்தியம். 1931-ல் சென்னை மாகாணத்தில் மோட்டார் வாகன வரிச் சட்டம் வந்தது. வண்டிக்கு வரியைக் கட்டிவிடு, வழியில் யாரும் உன்னை மறிக்க மாட்டார்கள் என்பது ஏற்பாடு. சுங்கச் சாவடிகள் போயின. பெயர் மட்டும் இங்கே ஒட்டிக்கொண்டு நிற்கிறது.

இன்று அதே சாலையில் இன்னும் கொஞ்ச தூரம் போனால் சமயபுரத்தில் டோல்கேட் இருக்கிறது. எந்த வரி கட்டினால் சுங்கம் இல்லை என்றார்களோ, அந்த வரியைக் கார் வாங்கும்போதே ஆயுளுக்கும் சேர்த்துக் கட்டிவிடுகிறோம். பெட்ரோல், டீசலில் சாலைக்கும் உள்கட்டமைப்புக்கும் என்று ஒரு செஸ் கட்டுகிறோம். அதன் பிறகு டோலும் கட்டுகிறோம். 2021 பிப்ரவரியிலிருந்து ஃபாஸ்டேக் கட்டாயமாகிவிட்டதால் கை சட்டைப் பையைத் தொடுவதற்கு முன்பே பணம் போய்விடுகிறது. என் மாப்பிள்ளைக்கு வீட்டுக்கு வந்து செல்போனைப் பார்த்த பிறகுதான் எவ்வளவு போயிற்று என்று தெரிகிறது.

இதை அம்மா மண்டபம் படித்துறையில் உட்கார்ந்து சொன்னேன். காலையில் அங்கே கூடும் எங்கள் கூட்டத்தில் இரண்டு கட்சி உண்டு. ஒருவர் பெல் கம்பெனியில் முப்பத்திரண்டு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். 1965-ல் செக்கோஸ்லோவாக்கியா உதவியோடு அந்தக் கொதிகலன் தொழிற்சாலை வந்திராவிட்டால் திருவெறும்பூர் இன்னும் கருவேலங்காடாகத்தான் இருந்திருக்கும் என்பார். இன்னொருவர் லாரி புக்கிங் ஆபீஸ் நடத்தியவர். "சர்க்கார் கை வைத்தது எது சார் உருப்பட்டிருக்கு?" என்பது அவர் பல்லவி. இருவரும் சண்டை போட்டுக்கொண்டே ஒரே கடையில் காபி சாப்பிடுவார்கள். நடுவில் என்னைப் பார்த்து, "நீங்க பிரெஞ்சுப் படிப்புக்காரர், நீங்க சொல்லுங்கோ" என்பார்கள்.

என் படிப்பு இதற்கு எவ்வளவு உதவும் என்பதைப் பிறகு சொல்கிறேன். உதவியது என் உத்தியோகம். மத்திய சர்க்கார் ஆபீஸ் ஒன்றில் குமாஸ்தாவாகச் சேர்ந்து, அதே ஆபீஸில் சற்றுப் பெரிய குமாஸ்தாவாக ஓய்வு பெற்றேன். பல வருஷம் டெண்டர் கோப்புகள்தான் என் மேஜையில். ஆரம்பத்தில் எனக்கு வாய்த்த சூப்பிரண்டெண்ட் ஒரு பாடம் சொல்லிக் கொடுத்தார். "ஒப்பந்தத்தைப் பின்னாலிருந்து படிக்கணும்யா. முதல் பக்கம் கல்யாணப் பத்திரிகை மாதிரி, எல்லாம் மங்களகரமா இருக்கும். நஷ்டம் வந்தா யார் தலையிலேங்கிறது கடைசிப் பக்கத்துலதான் இருக்கும்."

அரசாங்கமா தனியாரா என்று ஊரே சண்டை போடும்போதெல்லாம் எனக்கு அவர் நினைவுதான் வருகிறது. பெயர்ப் பலகையில் யார் பெயர் என்பது முதல் பக்கத்து விஷயம். நான் கடைசிப் பக்கத்தைத்தான் புரட்டுவேன்.

நம் ஊர் ரயிலை எடுத்துக்கொள்ளுங்கள். ரயில் என்றாலே சர்க்கார் என்று நம் பேரப்பிள்ளைகள் நினைக்கிறார்கள். 1862-ல் நாகப்பட்டினத்திலிருந்து திருச்சி வரை ரயிலைக் கொண்டு வந்தது கிரேட் சதர்ன் ஆஃப் இந்தியா என்ற லண்டன் கம்பெனி. 1874-ல் அது கர்நாடிக் ரயில்வேயோடு சேர்ந்து சவுத் இந்தியன் ரயில்வே கம்பெனி ஆயிற்று. பெரியவர்கள் 'எஸ்.ஐ.ஆர்.' என்று சொல்வார்களே, அதுதான். தனியார் துணிந்து பணம் போட்டுச் செய்தார்கள் என்று லாரிக்கார நண்பர் இதை உதாரணம் காட்டுவார். பணம் போட்டது உண்மைதான். துணிந்து போட்டார்களா?

அக்காலத்து ரயில்வே ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கம் இது: நிலம் சர்க்கார் இலவசமாகத் தரும். கம்பெனி போட்ட மூலதனத்துக்கு வருஷம் 5 சதவீதம் சர்க்கார் உத்தரவாதம். ரயில் அதைவிடக் குறைவாகச் சம்பாதித்தால், குறையும் தொகையை இந்திய வரிப்பணத்திலிருந்து பவுனாக லண்டனில் கட்டிவிடும். மேலே கிடைத்தால் பங்கு பிரித்துக்கொள்ளலாம். இப்படி ஒரு ஒப்பந்தம் கிடைத்தால் நானும்தான் ரயில் விடுவேன். விளைவு என்ன? இந்தியா முழுவதையும் சேர்த்துப் பார்த்தால், மைலுக்கு 8,000 பவுனில் முடியும் என்று ஆரம்பித்த வேலை 18,000 பவுன் வரை போயிற்று. இந்திய சர்க்காரின் நிதி உறுப்பினராக இருந்த மாஸி என்பவர் 1872-ல் பார்லிமெண்ட் கமிட்டியின் முன் சாட்சி சொன்னார். 5 சதவீதம் உறுதி என்ற பிறகு, தன் பணத்தை ஹூக்ளி நதியில் கொட்டினாலும் செங்கல் சுண்ணாம்பில் போட்டாலும் முதலாளிக்கு ஒன்றுதான் என்பது அவர் சொன்னதன் சாரம். 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சத்தில் சென்னை மாகாணத்தில் ஜனங்கள் லட்சக்கணக்கில் செத்தார்களே, அப்போதும் அந்த 5 சதவீதம் நிற்கவில்லை.

(இதில் ஒரு வேடிக்கை. நாகப்பட்டினம் லைனை முதலில் அகலப் பாதையாகத்தான் போட்டார்கள். 1875 வாக்கில் அதைப் பிடுங்கி மீட்டர் கேஜாகக் குறுக்கினார்கள். நூற்றுச் சொச்ச வருஷம் கழித்து நம் காலத்தில் மறுபடி அகலப்படுத்தினோம். மூன்று தடவைக்கும் பணம் கொடுத்தது ஒரே ஆசாமிதான். அவர் மூன்றாம் வகுப்பில் பிரயாணம் செய்தார்.)

பிறகு 1890-களின் தொடக்கத்தில் ரயிலைச் சர்க்கார் விலைக்கு வாங்கியது. வாங்கிவிட்டு, நடத்தும் வேலையை அதே பெயருள்ள கம்பெனியிடமே விட்டது. சொத்து சர்க்காருடையது, நடத்துவது தனியார் என்று இப்போது ஏதோ புது யோசனை மாதிரிப் பேசுகிறோம். நம் ஊரில் அது 1944 ஏப்ரல் 1 வரை அரை நூற்றாண்டுக்கு மேல் நடந்தது. 1951-ல் தெற்கு ரயில்வே உருவானபோது தலைமை அலுவலகம் சென்னைக்குப் போய்விட்டது. திருச்சிக்குக் கோட்ட அலுவலகமும் பொன்மலைத் தொழிற்சாலையும் மிஞ்சின.

பெல் நண்பர் இங்கே கை தட்டுவார். அவருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 1928-ல் கம்பெனி ஆட்குறைப்பு செய்தபோது தொழிலாளர்கள் வேலை நிறுத்தம் செய்தார்கள். சிங்காரவேலர் உட்படப் பலரைச் சிறையில் போட்டார்கள். அது கம்பெனிக் காலம். 1946 செப்டம்பர் 5-ம் தேதி பொன்மலையில் துப்பாக்கிச் சூடு நடந்து ஐந்து தொழிலாளர்கள் இறந்தார்களே, அப்போது ரயில் சர்க்கார் கைக்கு வந்து இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. வருஷா வருஷம் அந்தத் தேதியில் பொன்மலையில் மாலை போடுகிறார்கள். போகிறவர்கள் இந்தக் கணக்கையும் யோசிக்கலாம்.

இனி என் படிப்பு. காரைக்காலில் நான் படித்த பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் வரலாற்றுப் புத்தகத்தில் ஃபெர்தினான் தெ லெஸெப்ஸ் ஒரு மகாபுருஷர். பாலைவனத்தை வெட்டி இரண்டு சமுத்திரங்களைச் சேர்த்தவர். சூயஸ் கால்வாய் கம்பெனிக்கு எகிப்து கொடுத்தது சொத்துரிமை அல்ல, 'கொன்ஸெஸ்ஸியோன்' என்று எங்கள் வாத்தியார் அழுத்திச் சொல்வார். குறிப்பிட்ட காலம் நடத்திவிட்டுத் திருப்பிக் கொடுக்க வேண்டிய உரிமை. கால்வாய் திறந்த 1869-லிருந்து 99 வருஷம். அதாவது 1968-ல் தானாகவே எகிப்துக்கு வந்திருக்க வேண்டியது. நாஸர் பன்னிரண்டு வருஷம் முந்திக்கொண்டு 1956-ல் எடுத்துக்கொண்டார். வகுப்பில் அவர் வில்லன். வீட்டில் அப்பா படித்த தமிழ்ப் பத்திரிகையில் அவர் கதாநாயகன். பத்து மணிக்கு ஒரு நியாயம், ஐந்து மணிக்கு ஒரு நியாயம் என்று வளர்ந்தவன் நான்.

அந்தக் கம்பெனி எகிப்தோடு முடிந்துபோகவில்லை. நஷ்ட ஈடு வாங்கிக்கொண்டு நிதி நிறுவனமாக மாறியது. 1997-ல் லியோனேஸ் தெஸ் ஓ என்ற பழைய தண்ணீர்க் கம்பெனியோடு இணைந்தது. அந்த சூயஸ்தான் 2018-ல் கோயம்புத்தூருக்கு வந்து, 24 மணி நேரமும் குடிநீர் தருவதாக மாநகராட்சியோடு 26 வருஷ ஒப்பந்தம் போட்டது. பத்திரிகையில் பார்த்தபோது எனக்குப் பள்ளிக்கூடப் பெஞ்சியின் வாசனை வந்துவிட்டது. தண்ணீரை விற்றுவிட்டார்கள் என்று ஒரு பக்கம் கூச்சல், தண்ணீர் மாநகராட்சியுடையதுதான், கட்டணத்தை நிர்ணயிப்பதும் மாநகராட்சிதான் என்று இன்னொரு பக்கம் விளக்கம். இரண்டு பேரும் முதல் பக்கத்தையே படித்துக்கொண்டிருந்தார்கள்.

பிரான்சிலேயே என்ன நடந்தது? பாரிஸ் நகரம் 1985-ல் தண்ணீர் விநியோகத்தை இரண்டு கம்பெனிகளிடம் கொடுத்தது. இருபத்தைந்து வருஷம் ஆனதும், 2010 ஜனவரி 1 முதல் நகரசபையே திரும்ப எடுத்துக்கொண்டது. அடுத்த வருஷம் கட்டணத்தை 8 சதவீதம் குறைத்தது. நெடுஞ்சாலையில் இதற்கு நேர் எதிர். மக்கள் பணத்தில் போட்ட சாலைகளின் டோல் கம்பெனிகளை 2006-ல் தனியாருக்குச் சுமார் 15 பில்லியன் யூரோவுக்கு விற்றார்கள். 2014-ல் அந்நாட்டுப் போட்டி ஆணையம் கணக்குப் பார்த்ததில், வசூலாகும் 100 யூரோவில் 20-க்கு மேல் நிகர லாபமாகப் போவது தெரிந்தது. பாரிஸ் பக்கம் இருக்கும் என் அக்கா மகன் விடுமுறைக்குத் தெற்கே கார் ஓட்டிப் போகும்போதெல்லாம் 'பெயாஜ்' என்று பல்லைக் கடிக்கிறான். பெயாஜ் என்றால் டோல்தான்.

கோயம்புத்தூருக்கு அந்த ஆர்ப்பாட்டமாவது நடந்தது. திருச்சியில் மாநகராட்சிதான் கம்பரசம்பேட்டையில் காவேரி மணலுக்குள்ளிருந்து தண்ணீர் எடுத்துத் தருகிறது. ஆனாலும் என் தெருவில் முக்கால்வாசி வீட்டு வாசலில் இருபது லிட்டர் கேன் நிற்கிறது. எந்த அரசாணையும் இல்லாமல், எந்த டெண்டரும் இல்லாமல், குடிக்கிற தண்ணீர் தனியாருக்குப் போய்விட்டது. இதற்குக் கடைசிப் பக்கம்கூடக் கிடையாது. கேன் தண்ணீர் குடித்து வயிற்றுக்கு ஆகாமல் போனால் யாரிடம் போய்க் கேட்பீர்கள்? சைக்கிளில் வரும் பையனிடமா?

பஸ்ஸுக்கு வருகிறேன். இதில் திருச்சிக்காரர்களுக்கு இருக்கிற அனுபவம் சென்னைக்காரர்களுக்குக் கிடையாது. அங்கே டவுன் பஸ் என்றால் மாநகரப் போக்குவரத்துக் கழகம் ஒன்றுதான். இங்கே சத்திரத்திலிருந்தும் ஜங்ஷனிலிருந்தும் ஒரே ரூட்டில் அரசு பஸ்ஸும் தனியார் பஸ்ஸும் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு ஓடுகின்றன. முன்பு திருச்சி-ஸ்ரீரங்கம் டிரான்ஸ்போர்ட் கம்பெனி என்று இரண்டு ஊரின் பெயரிலேயே ஒரு தனியார் நிறுவனம் இருந்தது. 1971-ல் சட்டம் போட்டு, ஐம்பதுக்கு மேல் பெர்மிட் வைத்திருந்த பெரிய முதலாளிகளின் பஸ்களை அரசு எடுத்துக்கொண்டது. 1972-ல் கும்பகோணத்தில் சோழன், மதுரையில் பாண்டியன், கோவையில் சேரன் என்று மூவேந்தர் பெயரில் கழகங்கள் வந்தன. நமக்குத் தீரன் சின்னமலை 1980-களில் வந்தார். 1997-ல் எல்லாப் பெயரையும் அழித்துவிட்டார்கள். சின்ன முதலாளிகளை அந்தச் சட்டம் தொடவில்லை. அதனால்தான் நம் ஊரில் இன்னும் தனியார் டவுன் பஸ் ஓடுகிறது.

2021 மே மாதத்திலிருந்து அரசின் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்கும் அம்மாள் அதன் பிறகு தில்லைநகரில் இன்னும் இரண்டு வீடு பிடித்துக்கொண்டாள். "முன்னெல்லாம் பஸ்ஸுக்குக் கொடுத்தா கையில என்னய்யா நிக்கும்? அதான் போகலை" என்றாள். ஓசி பஸ் என்று கேலி பேசுகிறவர்கள் இந்த அம்மாளின் கணக்கைப் பார்க்க வேண்டும். ஒரு பஸ் டிக்கெட்டின் விலை, இரண்டு வீட்டுச் சம்பளத்துக்குக் குறுக்கே நின்றிருக்கிறது. அது வெறும் டிக்கெட்டாக இருந்தவரை யார் கண்ணிலும் படவில்லை.

ஆனால் ஸ்ரீரங்கம் ஸ்டாப்பில் நின்று பாருங்கள். தனியார் பஸ் வருகிறது, பாட்டுப் போட்டுக்கொண்டு, கண்டக்டர் பாதி உடம்பை வெளியே நீட்டிக்கொண்டு. ஆம்பிளைகள் ஏறிக்கொள்கிறோம். பெண்கள் அரசு பஸ்ஸுக்காக நிற்கிறார்கள், சில நேரம் அரை மணி. தனியார் முதலாளியைத் திட்டிப் பயனில்லை. அந்த இலவசத்துக்கு அரசு பணம் கொடுப்பது கழகத்துக்குத்தான். ரோட்டில் ஓட்டும் உரிமையை இரண்டு பேருக்குக் கொடுத்து, கடமையை ஒருவருக்கு மட்டும் வைத்தால் இப்படித்தான் ஆகும். போகிற போக்கில் இன்னொன்று. சென்னையில் அறுபது வயதானவர்களுக்கு 2016-லிருந்து மாதம் பத்து இலவச டோக்கன். காவேரிக் கரையில் நமக்கெல்லாம் அறுபது வயது ஆவதில்லை போலிருக்கிறது.

கடைசி சிங்கிள் விஷயம் இதைவிட முக்கியம். இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு கச்சேரி முடிந்து சத்திரத்தில் நானும் மனைவியும் முக்கால் மணி நேரம் நின்றோம். அட்டவணையில் இருக்கிற இரவு பஸ் வரவில்லை. மறுநாள் அந்தத் தனியார் பஸ்ஸின் கண்டக்டர் என்னிடம் மறைக்காமலே சொன்னார்: "பத்து பேர் இல்லேன்னா டீசல் காசே வராது சார். ஓனர் கட் பண்ணச் சொல்லிட்டார். எங்களுக்கும் கலெக்‌ஷனைப் பாத்துதான் பேட்டா." பெர்மிட்டில் அந்த நேரம் எழுதியிருக்கிறது, ஓட்ட வேண்டும் என்பது நிபந்தனை. உரிய அலுவலகத்துக்கு எழுதினேன். நாலு மாதம் கழித்து 'தக்க நடவடிக்கைக்கு அனுப்பப்பட்டது' என்று பதில் வந்தது. நானும் ஆயிரம் பேருக்கு அதே வரியை எழுதியவன்தான், அதன் அர்த்தம் எனக்குத் தெரியும்.

அப்படியானால் அரசு பஸ்ஸில் எல்லாம் ஒழுங்கா? அங்கேயும் கடைசிப் பக்கம் உண்டு. கட்டணத்தை ஏற்ற மாட்டேன், நஷ்டத்தையும் முழுதாக ஈடு செய்ய மாட்டேன் என்று பல வருஷம் மாறி மாறி வந்த அரசுகள் இருந்தால், அந்த நஷ்டம் எங்கேயாவது போய் உட்கார வேண்டுமே. அது ஓய்வு பெற்ற டிரைவர், கண்டக்டர் தலையில் உட்கார்ந்தது. 2024 ஜனவரி 9-ம் தேதி தமிழ்நாடு முழுவதும் பஸ் வேலை நிறுத்தம் நடந்தது ஞாபகமிருக்கும். எட்டு வருஷமாக நின்றுபோன ஓய்வூதியர் பஞ்சப்படி அதில் ஒரு முக்கியக் கோரிக்கை. பஞ்சப்படி ஆறு மாதத்துக்கு ஒருமுறை தவறாமல் வாங்கும் நானும் நீங்களும் அதைப் பற்றி ரொம்பப் பேசவில்லை. ஐந்து ரூபாய் டிக்கெட்டில் நாம் வசதியாகப் போனதற்கு, அவர்கள் தங்கள் பென்ஷனிலிருந்து மானியம் கொடுத்திருக்கிறார்கள்.

இருந்தாலும் பஸ்ஸைப் பொறுத்தவரை நான் பெல் நண்பரின் கட்சி. காரணம் கொள்கை இல்லை. அரசு பஸ் வராவிட்டால் கவுன்சிலரை, எம்.எல்.ஏ.வைப் பிடித்து உலுக்கலாம், சட்டசபையில் கேள்வி வரும், தகவல் அறியும் சட்டத்தில் டிரிப் ஷீட் கேட்கலாம். தனியார் பஸ் வராவிட்டால் ஆட்டோ பிடிக்கலாம்.

அரசாங்கம் வைத்திருந்தால் போதும் என்று மட்டும் யாரும் என்னிடம் சொல்ல வேண்டாம். 1836-ல் ஆரம்பித்து 1838-க்குள் ஆர்தர் காட்டன் கட்டிய முக்கொம்பு மேலணை நூற்றுக்கு நூறு சர்க்கார் சொத்து. 2018 ஆகஸ்ட் 22-ம் தேதி ராத்திரி கொள்ளிடம் பக்கத்தில் ஒன்பது ஷட்டர்கள் அடித்துக்கொண்டு போயின. அதே மாதத்தில்தான் பழைய கொள்ளிடம் இரும்புப் பாலத்தின் தூண்களும் சாய்ந்தன. காவேரிப் பாலத்தைப் பழுது பார்க்க 2022 கடைசியில் மாதக்கணக்கில் மூடி, ஸ்ரீரங்கத்துக்காரர்களை ஊரைச் சுற்றி விட்டார்கள். முக்கொம்பில் புதுக் கதவணைக்கு 387 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். பெயிண்டும் கிரீஸும் அத்தனை கோடி ஆகாது. கட்டினால் கல்வெட்டில் பெயர் வரும், கிரீஸ் போட்டால் வராது, அதுதான் விஷயம்.

இப்போது நம் முன்னால் இருப்பது விமான நிலையம். திருச்சி விமான நிலையத்தைக் குத்தகைக்கு விடலாம் என்று விமான நிலைய ஆணையம் 2019-லேயே பரிந்துரைத்தது. 2021 ஆகஸ்டில் வந்த தேசியப் பணமாக்கல் பட்டியலிலும் திருச்சி இருந்தது. ஆனால் குத்தகைக்கு முன்பே ஆணையம் தன் சொந்தப் பணத்தில் 1,100 கோடி ரூபாய்க்கு மேல் செலவிட்டுப் புது முனையம் கட்டியது. 2024 ஜனவரி 2-ம் தேதி பிரதமர் வந்து திறந்து வைத்தார். கோபுர வண்ணங்களும் ஓவியங்களுமாக அழகாகத்தான் இருக்கிறது. சிங்கப்பூர், கோலாலம்பூர், துபாய் என்று நம் பிள்ளைகள் போய் வரும் வாசல் அது. அந்தப் பிள்ளைகள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போவதால்தான் அது லாபத்தில் ஓடும் சில நிலையங்களில் ஒன்று. வீட்டைக் கட்டி, கிரகப்பிரவேசம் முடித்து, வாடகையும் நன்றாக வரும்போது ஐம்பது வருஷக் குத்தகைக்கு விடுவதற்கு எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை. வீட்டுக்காரருக்குக் கைச்செலவு நெருக்கடி என்பதைத் தவிர.

தனியார் நன்றாக நடத்துவார்கள் என்று லாரிக்கார நண்பர் சொல்கிறார். நடத்தலாம். கழிப்பறை சுத்தமாக இருக்கும், காபி இருநூறு ரூபாயாக இருக்கும். ஆனால் டெல்லி ஒப்பந்தத்தைப் பின்னாலிருந்து படித்தேன். 2006-ல் அதைத் தனியாரிடம் கொடுத்தபோது, வருமானத்தில் 45.99 சதவீதம் ஆணையத்துக்கு என்று பெருமையாகச் சொன்னார்கள். 2020-ல் கொரோனா வந்ததும், இது எங்கள் சக்திக்கு மீறியது என்ற ஷரத்தைக் காட்டிக் கம்பெனி பணம் கட்டுவதை நிறுத்தியது. ஆணையம் வழக்காடியது. நடுவர் மன்றம் 2024 தொடக்கத்தில் பெரும்பாலும் கம்பெனி பக்கமே தீர்ப்புச் சொன்னது. சட்டப்படி அது சரியாகவே இருக்கலாம், ஷரத்து அப்படி. அதே கொரோனாவில் திருச்சியிலும் விமானம் நின்றது. இங்கே அந்த ஷரத்தைக் காட்ட ஆளில்லை, நஷ்டத்தை ஆணையமே தாங்கியது. 5 சதவீத உத்தரவாதம் வேறு வேஷத்தில் வந்திருப்பது போலத்தான் எனக்குப் படுகிறது.

வேறு வழியே இல்லையா என்று கேட்டால், பக்கத்திலேயே கொச்சி இருக்கிறது. 1999-ல் திறந்த அந்த நிலையத்தில் கேரள அரசு பெரிய பங்குதாரர், வளைகுடாவில் உழைத்த ஆயிரக்கணக்கானவர்கள் சின்னப் பங்குதாரர்கள். நம் புதுக்கோட்டை, தஞ்சாவூர்க்காரர்கள் சிங்கப்பூரில் சம்பாதிக்கும் பணத்தில் இங்கே அப்படி ஒன்று செய்ய முடியாது என்று யார் சொன்னது? கேட்டுப் பார்க்கவே இல்லையே. திருவனந்தபுரத்தைக் கேரள அரசே ஏலத்தில் கேட்டது. பயணிக்கு 135 ரூபாய் தருவதாக அவர்கள் சொல்ல, அதானி 168 சொல்லி எடுத்துக்கொண்டார். கேட்டுத் தோற்றார்கள், சரி. நாம் கேட்கவாவது வேண்டாமா?

போன வாரம் ஸ்ரீரங்கம் தபாலாபீஸில் பத்து ரூபாய் போஸ்டல் ஆர்டர் வாங்கி, விமான நிலைய ஆணையத்துக்குத் தகவல் அறியும் சட்டத்தில் ஒரு விண்ணப்பம் அனுப்பியிருக்கிறேன். குத்தகைக்கு விட்டால் புது முனையத்துக்குச் செலவான தொகை எந்தக் கணக்கில், எத்தனை வருஷத்தில் திரும்பி வரும், பயணிகள் குறைந்தால் குத்தகைப் பணம் குறையுமா, வரைவு ஒப்பந்தத்தைக் கையெழுத்துக்கு முன் தமிழில் வெளியிடுவார்களா என்று கேட்டிருக்கிறேன். லாரிக்கார நண்பரும் பெல் நண்பரும் ஆளுக்கொரு நகல் வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்கள், தங்கள் பெயரிலும் அனுப்ப. முப்பது நாள் கெடு. பதில் எது வந்தாலும் அப்படியே இங்கே போடுகிறேன்.